நாலாய்ப் பிரிந்த கடல் கதை

கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற அந்த ஊரில் நூலகம் என்பது ஒரே ஓர் அறை. மழை வந்தால் வரலாறும் அறிவியலும் நனையும். கதைப் புத்தகங்கள் மட்டும் தப்பித்துக்கொள்ளும், அலமாரி போட்ட இடம் அப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பிள்ளைகள் வந்து, படித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்துச் சொல்ல வேண்டும். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் நிர்மலா அக்கா அதற்கு ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தார். "நல்லா இருந்துச்சு" என்று யாரும் சொல்லக் கூடாது.

"சாம்பாருக்கும் அதான் சொல்றீங்க, சட்டைக்கும் அதான் சொல்றீங்க. புக்குக்காவது வேற ஒண்ணு சொல்லுங்களேன்" என்பார்.

அவர் கேட்பதும் நியாயம்தான். கருத்துச் சொல்வதில் பெரியவர்களிடம் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

அந்தக் கோடை விடுமுறையில் வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்தவர்கள் நாலு பேர். தமிழ்மொழி, தேவிப்ரியா, வீரமணி, கவியரசன். நாலு பேரும் ஏழாவது முடித்தவர்கள். நாலு பேருக்கும் ஒரே நாவல் மேல் கண். அதற்கு அட்டை கிடையாது. ஆகையால் தலைப்பும் கிடையாது, எழுதியவர் பெயரும் கிடையாது. முதல் பக்கத்தில் ஒரு கடலும் ஒரு விளக்குக் கோபுரமும் படமாக இருந்தன. கடலை நேரில் பார்க்காத பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? வீரமணி ஒரு பக்கம் இழுக்க, கவியரசன் மறுபக்கம் இழுக்க, காய்ந்துபோன பசை விட்டுப் புத்தகம் நாலு துண்டாகப் பிரிந்து தரையில் விழுந்தது.

நிர்மலா அக்கா இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, துண்டுகளை வரிசையாக அடுக்கினார். "நல்லதாப் போச்சு. ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கினு போங்க. வாரத்துக்கு ஒருத்தரு அவங்க பங்க சொல்லுங்க. முடிஞ்சதும் கோணி ஊசியால தச்சி வக்கிறேன், அப்புறம் முழுசாப் படிச்சிக்கலாம்."

அடுத்தவர் பங்கை எட்டிப் பார்ப்பதில்லை என்று நாலு பேரும் சத்தியம் செய்துகொண்டார்கள். முதல் பங்கு தேவிப்ரியாவுக்கு, இரண்டாவது வீரமணிக்கு, மூன்றாவது தமிழ்மொழிக்கு, கடைசி கவியரசனுக்கு என்று ஆயிற்று.

அடுத்த ஞாயிறு தேவிப்ரியா எழுந்து நின்றாள். தமிழ்மொழிக்கு அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. பேச ஆரம்பித்தால் மூச்சு விடாமல் பேசுவாள்.

"ஒரு தீவு. சுத்தியும் கடலு. நீலான்னு ஒரு பொண்ணும் அவங்கப்பாவும் மட்டும் அந்தக் கோபுரத்துல இருக்காங்க. கப்பலுங்க பாறையில மோதாம இருக்க ராத்திரியானா வெளக்கு ஏத்தணும். எண்ணெ தீரப் போவுது. அவங்கப்பா எண்ணெ வாங்கியாரப் படகுல கெளம்பறாரு. 'நான் வர்ற வரைக்கும் வெளக்க அணைய வுடாத'ன்னு சொல்லிட்டுப் போறாரு. அவ்ளோதான் என் பங்கு."

"கருத்து?" என்றார் நிர்மலா அக்கா.

தேவிப்ரியா தாள்களைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "அந்த அப்பா கண்டிப்பா வருவாரு. அவரு வந்துட்டா எங்கப்பாவும் வந்துருவாரு. நான் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருக்கேன்."

அவள் அப்பா பச்சமுத்து, ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தார். பொங்கல் வரைக்கும் போன் வந்துகொண்டிருந்தது. அப்புறம் வரவில்லை. "அங்க டவர் கெடைக்காது" என்று அவள் அம்மா கரும்பு வெட்டப் போகிற இடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். தேவிப்ரியாவிடம் மட்டும் யாரும் எதுவும் பேசவில்லை. அது இன்னும் மோசம்.

இரண்டாம் வாரம் வீரமணி வெளுத்து வாங்கினான். அவன் பங்கில் புயல் வந்தது, நீலா தனியாக மீன் பிடித்தாள், கோபுரத்தின் கண்ணாடி உடைந்தது. கடல் எவ்வளவு பெரிசு என்று கேட்டதற்கு, "கோமுகி டேமு நெறஞ்சா எப்பிடி இருக்கும்? அது மாதிரி நூறு, கரையே இல்லாம" என்று கையை விரித்தான். அவன் கருத்து இன்னும் ஜோர். "காலையில மீனு, ராத்திரியில மீனு. ஒரு ரசம் கூட கெடையாது. புள்ளைங்க கதை எழுதறவங்க மொதல்ல சாப்பாட்ட ஒழுங்கா வக்கணும்."

நிர்மலா அக்கா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் தேவிப்ரியா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா வந்துட்டாரா?"

"என் பங்குல வரல" என்றான் வீரமணி.

அவள் திரும்பித் தமிழ்மொழியைப் பார்த்தாள். தமிழ்மொழி தெரியாது என்று தலையசைத்தாள். ஏனென்றால் அவள் தன் பங்கை இன்னும் பிரிக்கவே இல்லை. தின்பண்டத்தைக் கடைசியில் தின்பதற்கு எடுத்து வைக்கிற மாதிரி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் பின்னால் காயப்போட்ட மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். படகு வந்தது. அதில் யாரும் இல்லை. மறுநாள் மீனவர்கள் வந்து, எந்தக் கரையில் அவரைக் கண்டெடுத்தார்கள், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று நீலாவிடம் சொன்னார்கள். எழுதியவர் ஒளிவுமறைவு எதுவும் வைக்கவில்லை. மறுபடி படித்தால் மாறிவிடும் என்பது போலத் தமிழ்மொழி அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். மாறவில்லை. எழுதினவரை வாயாரத் திட்டலாம் என்றால் அட்டை இல்லாத புத்தகத்தில் பெயரும் இல்லை.

மறுநாள் கவியரசனைத் தேடிக்கொண்டு அவர்கள் மரவள்ளிக் கொல்லைக்கே போனாள். அவன் மடை திருப்பிக்கொண்டிருந்தான்.

"உன் பங்கப் படிச்சிட்டியா? அதுல அந்த அப்பா உசுரோட வராரா?"

"சத்தியம் பண்ணியிருக்கோம். சொல்ல மாட்டேன்."

"வராரா இல்லியாடா?"

அவள் முகத்தைப் பார்த்தவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். "வரல. அந்தப் பொண்ணு தெனம் பாறை மேல ஏறி நின்னுக்கினு கடலப் பாத்துக் கைய ஆட்டறா, ஈ ஓட்டற மாதிரி. எதுக்குன்னே தெர்ல. பைத்தியம் புடிச்சிருச்சின்னு நெனச்சேன்."

தமிழ்மொழி தன் பங்கில் என்ன இருக்கிறது என்று சொன்னாள். இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள். தேவிப்ரியா அன்று சொன்னது இரண்டு பேர் காதிலும் இருந்தது.

"மாத்திடலாம். அவரு வந்துட்டாருன்னு சொல்லிடறேன்" என்றாள் தமிழ்மொழி.

"பொய்யாச்சே."

"கதையே பொய்தான்டா. அதுல இன்னும் ஒரு பொய், அவ்ளோதான்."

கவியரசன் எதையும் லேசில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. "வந்துட்டா என் பங்குல இன்னா சொல்றது?"

"சாப்பிட்டுத் தூங்கறாங்கன்னு சொல்லு."

"புக்க தச்சப்புறம் அவ படிப்பாளே?"

"என் பங்கு தொலைஞ்சிபோச்சுன்னு சொல்லிடறேன்."

ஒரு பென்சிலைக்கூடத் தொலைக்காத பெண் அவள். நூலகப் புத்தகத்தைத் தொலைப்பது அவளைப் பொறுத்தவரை போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகிற குற்றம். போனால் போகட்டும் என்று இருந்தாள். கூட்டாளிக்காக ஜெயிலுக்குப் போவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு வெறுங்கையோடு போய் நின்றாள். "என் பங்கு எங்கியோ வச்சிட்டேன்க்கா. ஆனா படிச்சிட்டேன்" என்றாள். நிர்மலா அக்கா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சொல்லு" என்றார்.

தமிழ்மொழி சொன்னாள். புயல் ஓய்ந்தது. தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கிட்டே வரவரப் படகு. அதில் நீலாவின் அப்பா, இளைத்து, தாடி வளர்ந்து, மடியில் எண்ணெய் டின்னோடு. கால் உடைந்து வேறொரு தீவில் கிடந்ததால்தான் இத்தனை நாள். அவளுக்கே ஆச்சரியம், வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. கவியரசன் குனிந்து பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தேவிப்ரியா ஆடாமல் அசையாமல் கேட்டாள்.

"வந்ததும் அவரு இன்னா பண்ணாரு?"

தமிழ்மொழி அந்த இடத்தை யோசித்து வைக்கவில்லை. அவள் அப்பா கொல்லையிலிருந்து வந்ததும் கேட்பது சட்டென்று நாக்கில் வந்தது. "'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டாரு."

தேவிப்ரியா அவளையே பார்த்தாள். "வாயால கேட்டாரா?"

"பின்ன? வாயாலதான்."

"அவருக்குப் பேச்சு வராது தமிழு."

பாயைப் பிய்த்துக்கொண்டிருந்த கவியரசன் நிமிர்ந்து பார்த்தான். தேவிப்ரியாவே மேலே சொன்னாள்.

"மொதல் பங்குல இருக்குது. அப்பாவும் பொண்ணும் கையாலதான் பேசிக்குவாங்க. வெளக்க அணைய வுடாதன்னும் கையாலதான் சொன்னாரு. நான்தான் அத உங்ககிட்ட சொல்லல. சொன்னா வீரமணி செஞ்சிக் காட்டிச் சிரிப்பான்னு சொல்லல."

வீரமணி தலையைத் தொங்கப்போட்டான். அது பொய்யான குற்றச்சாட்டு இல்லை, அவன் செய்திருப்பான்.

"நெசத்தச் சொல்லு. வந்தாரா?"

"வரல. படகு மட்டும் வந்துச்சு" என்ற தமிழ்மொழி அதற்கு மேல் தாங்காமல் அழுதுவிட்டாள். அழ வேண்டியவள் அழாமல் நின்றது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தேவிப்ரியா கவியரசன் பக்கம் திரும்பினாள். "அப்புறம் அந்தப் பொண்ணு இன்னா பண்ணா?"

"தெனம் வெளக்க ஏத்தறா. அந்த வெளிச்சத்தப் பாத்து வேற படகுங்க ஒழுங்கா கரைக்கு வருது. அப்புறம் பாறை மேல நின்னுக்கினு கடலப் பாத்துக் கைய..." அவன் பாதியில் நிறுத்தினான். வாய் திறந்தபடியே இருந்தது. "அய்யோ, அவ ஈ ஓட்டல. அவங்கப்பாகூட பேசிக்கினு இருந்திருக்கா."

ஒரு வாரமாக அந்தப் பெண்ணைப் பைத்தியம் என்று நினைத்ததற்கு அவன் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. நிர்மலா அக்கா எழுந்துபோய், அடுக்கிய புத்தகங்களையே மறுபடி அடுக்கினார்.

தேவிப்ரியா மெதுவாக இரண்டு கையையும் தூக்கினாள். ஒரு கையைச் சுடர் மாதிரி குவித்து, இன்னொரு கையால் காற்று படாமல் மறைத்தாள். "அணைய வுடாதன்னு அவரு இப்பிடித்தான் சொன்னாரு." வீரமணி சிரிக்கவில்லை. அவனும் ஒரு தடவை அதைச் செய்து பார்த்தான், சரியாக வருகிறதா என்று.

"கருத்து சொல்லட்டுமா அக்கா?" என்றாள் தேவிப்ரியா.

"சொல்லும்மா."

"இந்தக் கதை எனக்குப் புடிக்கல. அந்தப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்குது." கொஞ்சம் யோசித்தாள். "அப்புறம், அன்னிக்கி நான் சொன்னது செல்லாது. கடல்ல போனவரு வேற, போர் போடப் போனவரு வேற. அங்க தண்ணியே இல்லாமதான எங்கப்பா போயிருக்காரு."

கவியரசன்கூட வாதாடவில்லை.

கூட்டம் கலைந்து இரண்டு பெண்களும் வீட்டுக்கு நடந்தார்கள். தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காய்ந்தது. ஓரமாகக் கிடந்த நிழலில் ஒட்டிக்கொண்டு போனார்கள். தமிழ்மொழி நாலு தடவை "மன்னிச்சிக்கோடி" என்று சொல்ல வாயெடுத்து, நாலு தடவையும் முழுங்கிவிட்டாள். நல்லது செய்யப் போய்க் கூட்டாளியை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசியில் தேவிப்ரியாதான் பேசினாள். "அத மறுபடி சொல்லுடி."

"எத?"

"நீ கட்டின கதைய. படகு வர்றத."

"அது பொய்யி."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் கேக்கறேன். சொல்லு."

தமிழ்மொழி சொன்னாள். புயலை ஓயவைத்தாள், தூரத்தில் புள்ளியைக் காட்டினாள், படகைக் கொண்டுவந்தாள். தேவிப்ரியா "ம்" கொட்டிக்கொண்டே நடந்தாள். படகு கரைக்கு வந்ததும் தமிழ்மொழி தயங்கினாள்.

"சாப்பிட்டியான்னு கேக்க வேணாம்" என்றாள் தேவிப்ரியா. "எங்கப்பா வண்டிய வுட்டு எறங்கினா ஒண்ணும் பேச மாட்டாரு. பின்னால வந்து சடையப் புடிச்சி இழுப்பாரு. அத வையி."

"சரி. அப்பா படகுலருந்து எறங்கினாரு. பேசல. சத்தம் போடாம பின்னால வந்தாரு" என்று சொல்லிக்கொண்டே தமிழ்மொழி ஒரு எட்டு பின்தங்கி, தேவிப்ரியாவின் சடையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

தேவிப்ரியா நின்றுவிட்டாள். திரும்பவில்லை.

"எங்கப்பா இன்னும் பலமா இழுப்பாரு" என்றாள்.