பன்னிரண்டு டஜன் வாணம்

என் தம்பி பிர்மீனு மாதாவிடம் நேர்ந்துகொண்டபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் லியோனில்டு நுரையீரல் காய்ச்சலிலிருந்து எழுந்து நடந்தால், ஆகஸ்ட் திருவிழாவில் மாதா சுரூபம் பவனி கிளம்பும் நேரத்தில் பன்னிரண்டு டஜன் வாணம் விடுவதாகச் சொல்லிவிட்டான். பெண் எழுந்தாள், நடந்தாள், இப்போது ஓடுகிறாள். வாணங்கள் அவன் வீட்டில் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. விடலாமா கூடாதா என்று சொல்லும் எண் மட்டும் என் கையில்.

முப்பத்தொரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. மதியம் ஒரு மணிக்கு மலைச்சரிவில் ஊதாப்பூப் புதர்களின் நுனியை வெட்டி, டப்பாவில் அடைத்து, எடை போட்டு, ஒரு நாள் முழுக்க அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை போடுவேன். குறைந்த எடைதான் செடி வைத்திருந்த தண்ணீர். காய்ந்த செடி நூறு பங்குக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பதுதான் கணக்கு. அது எண்பதுக்குக் கீழே போனால் ஒரு பொறி போதும், மலை பற்றிக்கொள்ளும். நகராட்சி வாணத்துக்குத் தடை போட்டுவிடும். நான் சேர்ந்த காலத்தில் ஆகஸ்ட் கடைசியில் வந்த எண் இப்போது ஜூனிலேயே வந்து நிற்கிறது. இதை லிஸ்பனில் மேடையேறிச் சொன்னேன். கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

திருவிழாவுக்கு முந்தின வியாழக்கிழமை பிர்மீனு வந்தான்.

"அக்கா, நாளைக்கு ஒரு மணிக்குப் போகாதே. காலையிலேயே போயிடு."

"காலையில பனி இருக்கும்டா."

"அதுக்குத்தானே சொல்றேன்."

"அது செடியோட தண்ணி இல்ல."

"தண்ணின்னா தண்ணிதான். முப்பது வருஷமா செடியை அடுப்புல வைக்கிறே, ஒரு வாய் சூப்பு வந்துச்சா? என் பொண்ணுக்காக ஒரு நாள் தப்பா செய்யேன்." பிறகு குரல் இறங்கியது. "சொன்னதைச் செய்யலைன்னா காய்ச்சல் திரும்பி வந்துடுமோன்னு பயமா இருக்குக்கா."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால்தான் கோபம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனேன். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. ஊரே இல்லை, மணிக்கூண்டின் உச்சி மட்டும் எங்கேயோ மிதந்தது. தூக்கத்தில் நடப்பவளைப் போல வெட்டினேன், விரலெல்லாம் நனைந்தது. வீட்டுக்கு வந்தேன். ஒரு மணி ஆனதும் கால்கள் தாமாகவே மலைக்குக் கிளம்பின. அப்போது மூடுபனி இருந்த சுவடே இல்லை. வெயிலில் செடிகள் மெல்ல முறுகும் சத்தம் கேட்டது. இன்னொரு டப்பா நிறைந்தது.

இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்தன. சனிக்கிழமை மதியம் அடுப்பருகில் உட்கார்ந்திருந்தவள் காயும் செடியின் தேன் மணத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். மலை வந்து என் தராசில் ஏறி உட்கார்ந்தது. என் பத்தொன்பதாவது வயதில் எரிந்த மலை, அதே கருப்பு. "பார்த்துச் சொல்லு" என்றது. நான் முள்ளைப் பார்க்கிறேன், முள் அசையவே மாட்டேன் என்கிறது. அடுப்பின் மணி அடித்து விழித்தேன்.

காலை டப்பா தொண்ணூற்றொன்று. மதிய டப்பா எழுபத்துநான்கு.

எழுபத்துநான்கை நகராட்சிக்கு அனுப்பினேன். பிறகு தம்பி வீட்டுக்குப் போய், இரண்டு எண்ணையும் சொன்னேன். ஒயினில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. அவன் கிளறுவதை நிறுத்தவில்லை.

"மாதாகிட்ட நீயே சொல்லிக்கோ" என்றான். அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் கோயில் கதவு திறந்தது. எட்டுப் பேர் தோளில் சுரூபம். தூக்கும் தண்டின் முன்முனையில் பிர்மீனு. பின்னால் வெள்ளைச் சட்டையில் லியோனில்டு. வாணம் வெடிக்க வேண்டிய நேரம். ஒரு சத்தமில்லை. எல்லாரும் என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது, பாதிப் பேர் நிஜமாகவே பார்த்தார்கள்.

பிர்மீனு மூச்சை இழுத்தான்.

"ஸ்ஸ்ஸூ... டமார்!"

பாதிரியார் துள்ளிவிட்டார். கூட்டம் சிரித்தது. இரண்டாவது டமாருக்கும் சிரித்தது. பத்தாவதில் யாரும் சிரிக்கவில்லை. இருபதில் அவன் தொண்டை கிழிந்தது. தண்டைத் தோளில் தாங்கியபடியே திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினான்.

"என்னக்கா வேடிக்கை பாக்குறே? இன்னும் நூத்தி இருபத்தி நாலு இருக்கு. உன்னாலதானே? கத்து!"

என் வாழ்நாளில் நான் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்று கத்தினேன், கண்ணீர் வரக் கத்தினேன். எனக்குப் பின்னால் ஊரும் கத்தியது. லியோனில்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.