சாலிஹின் தோணிக்கு லைசன்ஸ் கிடைத்த விதம்

தோணி கவிழ்ந்து இறந்துபோன ஆறு பேரும், அடக்கம் முடிந்த நாலாம் நாள் காலை ஆறரை மணித் தோணிக்கு வந்து ஏறினார்கள். அது 1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை. உடுப்பெல்லாம் நனைந்திருந்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. புடவைக் கடை பதுர்தீன் கையில் குடையோடு முன்பலகையில் உட்கார்ந்தார். வெற்றிலை விற்கும் நோனா கூடை இல்லாமல் வந்திருந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். கொக்கோத் தோட்டத்து ஆட்கள் மூவரும் நடுப்பலகையில் ஒதுங்கி இருந்தார்கள். ஆறாவதாக வந்த உம்மு குல்தூம் பின்பலகையில், துடுப்புப் போடுகிறவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். துடுப்புப் போடுகிறவர் சாலிஹ். உம்மு குல்தூம் அவருடைய மனைவி.

நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஓயா என்னும் சிற்றாற்றை மறித்துக் குளம் கட்டி முடித்தபோது, அக்கரையில் ஒரு பள்ளிவாசலும் முப்பது வீடுகளும் ஒரு கொக்கோத் தோட்டமும் தனித்துப்போயின. கடைகள், பள்ளிக்கூடம், நாவுல ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எல்லாம் இக்கரையில் இருந்தன. காட்டு வழியாகச் சுற்றினால் ஒன்பது மைல், தோணியில் போனால் கால் மணி நேரம். சாலிஹின் குடும்பத்தார் அம்பன் கங்கையில் மூன்று தலைமுறை தோணி விட்டவர்கள். குளத்துக்கு வந்தபோது தோணியோடு தங்கள் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். தோணியில் கால் வைத்தவரை இறங்கு என்று சொல்லக் கூடாது என்பதே அந்த வழக்கம். கால் வைத்தவர் அல்லாஹ் அனுப்பிய ஆள், அவரை இறக்கினால் தொழிலின் பரக்கத்தும் அருளும் இறங்கிவிடும் என்று சாலிஹின் வாப்பா சொல்வார். அவர் ஒருமுறை இரண்டு ஆடுகளோடு கால் வைத்தவருக்கு இடம் விட்டு, தான் தோணியின் ஓரத்தைப் பிடித்து நீந்திக்கொண்டே அக்கரை போனாராம். கங்கையில் அது நடந்திருக்கலாம். கங்கையில் இடுப்பளவுத் தண்ணீர்தான்.

கவிழ்ந்த நாள் அக்கரைப் பள்ளிவாசலில் கந்தூரி விருந்து. பத்துப் பேர் கொள்ளும் தோணியில் பதினைந்து பேர் ஏறிவிட்டார்கள். பதினாறாவதாக உம்மு குல்தூம் வட்டிலப்பச் சட்டியோடு கால் வைத்தாள். தண்ணீருக்கும் தோணியின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல்தான் மிச்சம் இருந்தது. அதைச் சாலிஹ் பார்த்தார். ஒரு சொல் அவருடைய தொண்டை வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. நடுக்குளத்தில் காற்று ஒருமுறை திரும்பியது, அவ்வளவுதான். பத்துப் பேர் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜுனைதா டீச்சர், பதுர்தீன் குடையை ஒரு முறை நீட்டியதாகவும் தன்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை என்றும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வட்டிலப்பச் சட்டி மட்டும் சரியாமல் மிதந்து அக்கரை சேர்ந்தது. அதை யாரும் சாப்பிடவில்லை.

ஆறு பேரும் நாள் முழுவதும் தோணியிலேயே போய்வந்தார்கள். அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்கு முன்னால் கரையேறித் தத்தம் வழியில் போனார்கள். எங்கே போகிறார்கள் என்று யாரும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை, அது மரியாதை இல்லை. ஊர் இதற்குப் பழகப் பத்து நாள்கூட ஆகவில்லை. அவர்கள் இருந்த பலகை ஈரமாக இருந்ததால் ஆட்கள் சாக்குத் துண்டு கொண்டுவந்து துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மௌத்தானவர்கள் தோணியில் ஏறக் கூடாது என்று கிதாபில் எங்கும் இல்லை என்று பள்ளிவாசல் லெப்பையும் சொல்லிவிட்டார். பிரச்சினை ஒன்றுதான்: அவர்களுக்கு உயிரோடு இருந்தபோது இருந்த அதே எடை இருந்தது. ஆறு பேர் போக நான்கு பேருக்குத்தான் இடம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கத்தரிக்காய் கரையிலேயே வாடியது.

சாலிஹுக்கு மட்டும் இதில் வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால், மகிழ்ச்சி. காலை ஆறரை எப்போது ஆகும் என்று ஐந்து மணிக்கே கரையில் வந்து நிற்பார். துடுப்புப் போட்டபடி, வீட்டுக் கூரையில் இரண்டு ஓடு போய்விட்டதையும் கோழி அடைக்கு உட்கார்ந்ததையும் அரிசி கூப்பனுக்குக் கிடைத்ததையும் எதிரே இருந்த மனைவியிடம் சொல்லிக்கொண்டே போவார். அவள் பதில் பேசமாட்டாள், ஆனால் கேட்டுக்கொண்டிருப்பாள். உயிரோடு இருந்த காலத்தில் இத்தனை பேச்சை அவர் அவளிடம் பேசியதில்லை. தோணியை விட்டால் அவளைப் பார்க்க வேறு இடம் அவருக்கு இல்லை.

மறு வருடம் ஜுனைதா டீச்சர், தோணிக்காரர்களுக்கு லைசன்ஸ் வேண்டும் என்று மாத்தளைக்கு மனு எழுதினார். கிராமச் சங்கத்தில் மூன்று கூட்டம் இதற்கே போனது. வண்டில்காரர் அப்துல் ஸமத் எழுந்து, "தண்ணிக்குப் பொறந்த மனுசனுக்கு லைசன்ஸ் எதுக்கு? மீனுக்கும் எழுதிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"ஒங்க வண்டிலுக்கு நம்பர் தகடு இருக்கு. வீட்டு நாய்க்கு லைசன்ஸ், சைக்கிளுக்கு லைசன்ஸ், ரேடியோவுக்கு லைசன்ஸ். ஆள் ஏத்துற தோணிக்கு மட்டும் ஒன்னும் இல்ல. ஆறு பேர் நனஞ்ச உடுப்போட தெனமும் வந்து ஒக்காந்திருக்காங்க, அவங்கள்ட்ட போய்ச் சிரிங்க பாப்போம்" என்றார். சங்கம் மனுவை ஏற்றுக்கொண்டது. லைசன்ஸ் விஷயம் முடியும்வரை யாரும் புதுத் தோணி விடக் கூடாது என்றும் தீர்மானித்தது. ஒரு வசதிக்காகப் பேசத் தொடங்கி இன்னொரு வசதியை மூடுவது சங்கங்களின் இயல்பு.

பரிசோதகர் பொன்னையா 1965ஆம் ஆண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், சட்டப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். தோணியில் இரண்டு லொறி டியூப் கட்டச் சொன்னார். சாலிஹை நீந்தவிட்டுப் பார்த்தார், துடுப்புப் போடவிட்டுப் பார்த்தார், இரண்டிலும் முழுப் புள்ளி கொடுத்தார். தோணியின் வெளிப்புறத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்து, இந்தக் கோடு தண்ணீருக்குள் போகக் கூடாது என்றார். ஆறு பேரைக் கணக்கில் எடுக்க வேண்டுமா என்று சங்கத்தார் கேட்டதற்குப் புத்தகத்தைப் புரட்டினார். "சட்டத்துல 'ஏறியவர்'னுதான் இருக்கு. உசுரோட ஏறியவர்னு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினார்: உயிருள்ளவர் நால்வர், ஏனையோர் அறுவர். பிறகு கடைசிச் சோதனை. பத்துப் பேரும் நிறைந்திருந்த தோணியில் பொன்னையா தானே பதினோராவதாகக் கால் வைத்தார். சாலிஹ் 'இறங்குங்க' என்று சொல்ல வேண்டும். சாலிஹ் வாயைத் திறந்தார், மூடினார், மற்றவர்களைப் பார்த்து, "கொஞ்சம் ஒதுங்கிக் குடுங்க" என்றார். வெள்ளைக் கோடு மறைந்தது. பொன்னையா அவருக்கு முழு லைசன்ஸ் கொடுக்காமல் தற்காலிக அனுமதி ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறு வருடமும் வந்தார், அப்போதும் அதுவே நடந்தது. மூன்றாம் முறையும் தவறினால் குளத்தில் தோணியே ஓடாது, ஒன்பது மைல் காட்டு வழிதான் என்று சொன்னார். சொல்லும்போது அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

மூன்றாம் முறை அவர் வந்தது 1967 நவம்பரில். மழை பிடித்துக்கொண்டது. பகல் இரண்டு மணிக்கு அக்கரை இறங்குதுறையைப் பார்த்துவிட்டு அவர் திரும்புவதற்காகத் தோணியில் உட்கார்ந்திருந்தபோது, கொக்கோத் தோட்டத்திலிருந்து சுந்தரம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அவளுக்கு முந்தின நாளிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே கிடந்தது. கட்டிலிலிருந்து அசைக்கக் கூடாது, மூன்று மணி பஸ்ஸுக்குள் இக்கரை வந்து சேராவிட்டால் இரண்டு உயிரும் இல்லை என்று மருத்துவிச்சி சொன்னாள். பொன்னையா இறங்கிக் கரையில் நின்றார். கட்டிலும் அதில் சுந்தரம்மாவும், மருத்துவிச்சி, புருஷன் முத்துவீரன், அந்தக் காற்றுக்கு இரண்டாவது துடுப்புப் போட ஊர்ப் பையன் யாகூப் என நான்கு பேர் ஏறினார்கள். ஆள் கணக்குச் சரிதான், ஆனால் கட்டிலின் பாரத்திலும் தோணிக்குள் தேங்கிய மழைத் தண்ணீரிலும் வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. விளிம்புக்கு இரண்டு விரல்தான் இருந்தது.

"நான் எறங்கிக்கிறேங்க, நீங்க கொண்டு போங்க" என்று முத்துவீரன் எழுந்தான். சுந்தரம்மா அவனுடைய கையை விடவில்லை. "அவரு எறங்கினா நான் செத்துருவேன்" என்றாள். அவள் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை.

சாலிஹ் அந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்த்தார். பிறகு பதுர்தீனைப் பார்த்தார், நோனாவைப் பார்த்தார், தோட்டத்து மூவரையும் பார்த்தார். அவர்களை ஒருமுறை எப்படிக் கொண்டுபோனார் என்பது அவருக்குத் தெரியும். இனி அவர்களிடம் எதையும் கேட்க அவருக்கு முகம் இல்லை. கேட்பதற்கு உரிமை இருந்தது ஒரே ஒருத்தியிடம்தான். அவள் எதிரே இருந்தாள், நான்கு வருடமாக இருந்தது போலவே. மழை அவருடைய முகத்தில் ஓடியதால் அவர் அழுதாரா என்று பொன்னையாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அழுதார் என்றுதான் நான் எழுதுவேன்.

"குல்தூம்" என்றார் சாலிஹ். "நீ எறங்கு புள்ள."

உம்மு குல்தூம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். இறந்த பிறகு அவள் பேசியது அப்போதுதான். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கறியில் உப்புக் குறைந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். தோணி சாயாதபடி விளிம்பைப் பிடித்து, முழங்கால் தண்ணீரில் கால் வைத்து இறங்கி, கரைக்கு ஏறினாள். வெள்ளைக் கோடு மேலே வந்தது. சாலிஹ் துடுப்பை ஊன்றித் தள்ளினார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் துடுப்பு நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். கரையில் பொன்னையா நனைந்த குறிப்புப் புத்தகத்தில் 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணுக்குத் தன் குடையை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கொக்கோ மரங்களுக்கு இடையே நடந்து போனாள். அவர் மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் கொடுத்த அறிக்கையில் இதுவும் ஒரு வரியாக இருக்கிறது.

பஸ் காத்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குச் சுந்தரம்மாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது, இருவரும் பிழைத்தார்கள். லைசன்ஸ் இரண்டு கிழமையில் தபாலில் வந்தது. அதன் பிறகு சாலிஹ் நிறைந்த தோணியில் கால் வைத்த எவரையும், கங்காணியானாலும் லெப்பையானாலும், "அடுத்த தடவ வாங்க, இப்ப எறங்குங்க" என்று சொன்னார். யாரும் அவரிடம் மனத்தாங்கல் கொள்ளவில்லை. அதைச் சொல்ல அவர் கொடுத்த விலை ஊருக்குத் தெரியும்.

ஆனால் அதெல்லாம் பிந்திய கதை. சுந்தரம்மாவைக் கொண்டுபோன மறுநாள் காலை, பதுர்தீனும் நோனாவும் தோட்டத்து மூவரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள். நான்கு பேர் சாக்குத் துண்டால் பலகை துடைத்து ஏறினார்கள். சாலிஹ் ஏழு மணி வரைக்கும் துடுப்பைத் தொடாமல் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஜுனைதா டீச்சர்கூட. ஏழு மணிக்கு அவர் கரையில் நின்ற ஆட்களைப் பார்த்து, "இன்னும் ஒராளுக்கு எடம் இருக்கு, ஏறுங்க" என்றார். உயிருள்ள ஐந்து பேரோடு தோணி புறப்பட்டது.