கருத்த மண்ணீரல்

செத்த பன்றியின் வயிற்றைக் கிழித்ததுமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நாக்கு மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டிய மண்ணீரல் மூன்று மடங்கு வீங்கி, கருத்து, விரல் பட்ட இடத்தில் குழைந்து உடைந்தது. சிறுநீரகத்தின் மேலெல்லாம் ஊசியால் குத்தியதுபோல ரத்தப் புள்ளிகள். பதினெட்டு வருடமாகக் கால்நடை நோய் ஆய்வகத்தில் பன்றிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் இந்த ஒரு காய்ச்சலைத்தான் அவள் துரத்திக்கொண்டிருந்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது அவள் அண்ணன். பன்றி அவனுடையது. பண்ணையில் இன்னும் நானூறு இருந்தன.

"தீவனத்துல விஷம்னு எழுதிடேன்" என்றான். "ஒரே ஒரு வார்த்தைதானே, குட்டி."

மனுஷனுக்கு ஒட்டாத நோய்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று வாதாடினான். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பதினோரு பண்ணை இருக்கிறது, மறைத்தால் ஒரே மாதத்தில் ஊர் ஊராகப் போய்விடும் என்றாள் அவள். சாயங்காலம் பரிசோதனை முடிவு வந்தது. அதே காய்ச்சல்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை, மிச்ச நானூறையும் கொல்கிற அரசாங்கக் குழு பண்ணைக்கு வந்தது. வெள்ளை உடுப்பில் எட்டுப் பேர். ரத்த மாதிரி எடுக்க வேறு ஆள் இல்லையென்று ஆய்வகத் தலைவர் கைவிரித்துவிட்டதால் அவளும் போக வேண்டியதாயிற்று. பெரியவற்றைத் தடுப்புக்குள் தள்ளி மண்டைக்குள் ஆணி இறக்கும் துப்பாக்கியை நெற்றியில் வைத்து அழுத்தினார்கள். டப்பென்று ஒரு சத்தம், நான்கு கால்களும் ஒரே நேரத்தில் மடங்கும், உடனே கழுத்தில் கத்தி. பத்து விழுந்ததும் மற்றவற்றுக்கு வாசனை புரிந்துவிட்டது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சுவரை முட்டின. ஒரு தாய்ப்பன்றி அடி சரியாகப் படாமல் ரத்தம் வடிய வடிய முற்றம் முழுக்க ஓடி, அண்ணனின் கால்களுக்கு நடுவில் வந்து விழுந்தது. கத்தவில்லை, மூச்சுதான் இரைத்தது. இன்னொரு முறை சுட்டார்கள்.

அண்ணன் குனிந்து கதவின் இரும்புத் தாழ்க்கம்பியை உருவியதை அவள் பார்க்கவில்லை. மாதிரிக் குப்பியை மூடிக்கொண்டிருந்தவளின் வலது முழங்கைக்குக் கீழே அது இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாவது அடிக்கு ஓங்கியவனை நான்கு பேர் சேர்ந்து சேற்றில் அமுக்கினார்கள். அண்ணி ஓடிவந்து புருஷனை அறைந்தாள். ஒன்றல்ல, ஐந்தாறு.

போலீஸ் கேட்டபோது வழுக்கி விழுந்தேன் என்றாள் அவள்.

மாவுக்கட்டோடு மூன்றாவது வாரமே வேலைக்குப் போனாள். நோய் எப்படி வந்தது என்பதுதான் பாக்கி. அண்ணனின் பன்றிகளில் இருந்த கிருமியின் மரபணுவை மற்றப் பண்ணைகளுடையதோடு ஒப்பிட்டாள். அறுபது மைல் தள்ளியிருந்த ஒரு பண்ணையோடு மட்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அந்தப் பண்ணைக்கும் அண்ணனுக்கும் எந்தப் போக்குவரத்தும் கிடையாது. அண்ணனின் பன்றி சாவதற்குப் பத்து நாள் முன்பு, அங்கே செத்த பன்றியை அறுத்தவள் அவள். அன்று மத்தியானமே, குட்டி போட முடியாமல் ஒரு பன்றி தவிக்கிறது, உடனே வா என்று அண்ணன் கூப்பிட்டிருந்தான். உடுப்பை மாற்றிக்கொண்டு போனாள். பூட்ஸை மாற்றவில்லை. முதல் வருட மாணவன்கூடச் செய்யாத தப்பு. இறங்கிப்போய்க் கார் மிதியடியைப் பஞ்சால் துடைத்துப் பரிசோதித்தாள். கிருமியின் தடம் அதிலும் இருந்தது.

அன்றே அண்ணன் வீட்டுக்குப் போனாள். இடது கையாலேயே ஓட்டிவந்த காரைவிட்டு இறங்கி வாசலிலேயே நின்றுகொண்டு, ஒன்றையும் விழுங்காமல் சொன்னாள்.

"அது என்கிட்டேருந்துதான் வந்துச்சுண்ணா. என் பூட்ஸ்ல."

அவன் உள்ளே போய்ச் சம்மட்டியோடு வந்தான். அவள் நகரவில்லை. அவளைத் தாண்டிப் போய்க் காரின் முன்கண்ணாடியில் போட்டான். பிறகு கதவுகள், விளக்குகள், கூரை. கண்ணாடித்தூள் அவன் முகத்தில் தெறித்து ரத்தம் கோடுகோடாக இறங்கியது. துடைக்கக்கூட நிற்காமல் அடித்தான். தூக்க முடியாமல் போனபிறகுதான் சம்மட்டி கீழே விழுந்தது. தரையில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்தான்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றான். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, இவளை யாராவது வீட்டில் கொண்டுபோய் விடட்டும் என்றான்.

அறிக்கையில் பூட்ஸ் பகுதியை எடுத்துவிடலாமே என்று தலைவர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை. ஒரு வருடம் பண்ணைப் பக்கமே போகக் கூடாதென்று தண்டனை வந்தது. இந்த நோயால் பன்றி விற்கத் தடை விழுந்திருந்த அந்தப் பதினோரு பண்ணைக்காரர்களில் ஒருவர் ஆய்வகத்துக்கே வந்து அவள் முகத்தில் காறித் துப்பினார். துடைத்துக்கொண்டு, அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள்.

அண்ணன் அதன்பின் பன்றி வளர்க்கவில்லை. அவளோடு பேச்சும் இல்லை. அண்ணி மட்டும் அவ்வப்போது போன் செய்வாள். அவள் கை எலும்பு கோணலாகக் கூடியது. அறுப்பு மேஜையில் இப்போது இடது கையால் கத்தி பிடிக்கிறாள்.