காவிக்கு அடியில்

மூன்றாவது குடம் ஊற்றியும் காவி போகவில்லை. கண்மணி சீயக்காயைக் குழைத்து அம்மாவின் காலில் தேய்த்தாள். தட்டி மறைப்புக்கு வெளியே தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"அழுத்தாதடி, வலிக்கும்" என்றாள் ராக்காயி அத்தை. சொன்ன பிறகுதான், இனி வலிக்காது என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணுக்காலுக்கு மேலே ஊதாக் கோடு ஒன்று வெளிப்பட்டது. திங்கட்கிழமை கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலில் வீங்கிப் பரவிய சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் போட்ட கோடு. உருளைக்கிழங்கு தோண்டுகிற நேரம் என்று அம்மா அங்கே தங்க மறுத்துவிட்டாள். டாக்டரம்மா பென்சிலின் ஊசி போட்டுவிட்டு, கண்மணியைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "செவப்பு இந்தக் கோட்டத் தாண்டுனா ராத்திரின்னாலும் கூட்டிட்டு வந்துடு. நீதான் பாத்துக்கணும்."

மறுநாள் அத்தை, இது அக்கிதான் என்று குயவரை அழைத்துவந்து காவிமண்ணைக் குழைத்து எழுதவைத்தாள். பாதத்திலிருந்து தொடைவரை காவி. எது சிவப்பு, எது மண் என்று கண்மணிக்குத் தெரியவில்லை. அழித்துப் பார்க்கத் தைரியமும் வரவில்லை.

இப்போது கோட்டுக்கு வெகு மேலே, தொடைவரை தோல் கறுத்துக் கிடந்தது.

உடம்பைத் துடைத்துச் சேலை உடுத்தித் திண்டில் சாய்த்த நேரம், சேதி கேட்டு ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அப்பாவின் அருகில் உட்கார்ந்தார். அம்மாவின் வயதைக் கேட்டார்.

"சர்க்கரை இருந்துச்சா?"

"கருப்பட்டிதானுங்க வாங்குவோம்" என்றார் அப்பா.

பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் முணுமுணுத்தாள்: "பொணத்த வச்சுக்கிட்டு என்ன பரீட்ச நடத்துறாக?"

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "இந்த மாதிரிக் கால் செவந்து வந்த எல்லாருக்கும் அதே ஊசிதாம்மா போட்டோம். சில பேர் எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிட்டாங்க. இவங்க ஏன் போய்ச் சேந்தாங்கன்னு தெரியாம அடுத்த ஆள எப்படிக் காப்பாத்துறது?" பிறகு அப்பாவைப் பார்த்தார். "செவப்பு எப்பக் கோட்டத் தாண்டுச்சு?"

"இன்னைக்கு வெள்ளனேதாங்க. பொசுக்குன்னு ஏறிருச்சு."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாதுங்க" என்றாள் கண்மணி. "காவி பூசியிருந்துச்சு. நான் அழிச்சுப் பாக்கல."

"ஏ புள்ள, வாய மூடு!" என்று அப்பா அதட்டினார்.

பூசியது யார் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. "இது ஒட்டிக்கிற சீக்கு. பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டது யாரு? அவங்க கை, தொண்டையெல்லாம் நல்லாயிருக்கா?"

அத்தை சேலைக்குள்ளிருந்து இடது கையை மெல்ல வெளியே எடுத்தாள். நகக்கண்ணிலிருந்து மணிக்கட்டுவரை வீங்கிச் சிவந்திருந்தது.

"எப்பயிருந்து?"

"நேத்துலருந்துங்க. கத்தி கீறுன எடம். அவ இழுத்துக்கிட்டுக் கெடக்கையில இதப் போயி சொல்லவா?"

"கிளம்புங்க."

"தூக்குனதும் வாறேனே..."

"வெரசாப் போ ராக்காயி" என்றாள் பாப்பம்மாள். "இல்லன்னா நாளைக்கு ஒன்னயும் தூக்கணும்."

அப்பா எழுந்து வழிவிட்டார். அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்து வாசலைக் கடந்தாள். கண்மணி கூடவே போய் அவளை ஜீப்பில் ஏற்றிவிட்டாள். தூங்குகிற பிள்ளையைப்போல வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்தாள்.

வண்டி உறுமியது. வெளியே தொங்கிய அத்தையின் சேலைத் தலைப்பைக் கண்மணி சுருட்டி உள்ளே வைத்தாள்.