ரபியேயின் நீலப் பறவை

“நேத்து இந்தப் பறவைக்கு ரெண்டு றெக்கை இருந்துச்சே, ஒண்ணு எங்க போச்சும்மா?” என்று ரொட்டிக்கடை பெர்த்தின் ஐந்து வயது மகள் சொலாஞ்ச் கேட்டது 1954இல், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில். கடைச் சுவரொட்டியில் உண்மையாகவே ஒரு சிறகுதான் இருந்தது.

அதை வரைந்தவர் சாந்தோரேல் என்ற பிரெஞ்சு ஊரின் மேட்டுத் தெருவில் குடியிருந்த ஓவியர் ஒக்தாவ் ரபியே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊர்க் கண்காட்சிக்காகப் பறவை, படகு, ஒலிவ மரம் மூன்றையும் கொழுப்பு மைக்கட்டியால் அச்சுக்கல்லில் வரைந்தார். நாற்பது தாள்கள் கடைகளில் தொங்கின. அச்சு முடிந்ததும் கல்லை மணல் போட்டுத் தேய்த்துப் படத்தை அழிப்பது தொழில் வழக்கம். அச்சுக்காரர் கோதே படத்தின் மேல் ஆசைப்பட்டு, நீல நிறத்தை அச்சிட்ட கல்லைத் தேய்க்காமல் விட்டுவிட்டார். அதனால் தாள்களிலும் படம் முடிந்துபோகவில்லை. ரபியே வரையும் விதம் மாற மாற, கடைகளில் தொங்கிய படமும் மாறியது. அவர் இலை வரைவதை நிறுத்தியபோது மரம் இலையுதிர்த்தது. 1958இல் பறவை ஒரே கோடாயிற்று. பாரிஸிலிருந்து வந்தவர்கள் அதை முதிர்ச்சி என்றார்கள்.

“சோம்பேறித்தனம். அடுத்த வருஷம் வெறும் தாள்தான்,” என்றான் கசாப்புக்கடை மார்செல்.

“உன் மண்டையிலயும்தான் முடி கொறைஞ்சுபோச்சு. நாங்க ஏதாவது சொன்னோமா?” என்றாள் பெர்த்.

1960இல் ரபியேயின் மனைவி இறந்தாள். அவர் மைக்கட்டியைக் கீழே வைத்தார். அன்று மாலை ஜெப மணிக்குள் நாற்பது தாள்களும் வெளுத்தன. மார்செல் தன்னுடையதில் இறைச்சிப் பொட்டலம் கட்டினான். மற்றவர்களும் கழற்றிவிட்டார்கள். பெர்த் மட்டும் வெறும் தாளைச் சனிக்கிழமைதோறும் தூசி தட்டினாள். தினமும் காலையில் ரபியேயின் வாசலில் ஒரு உருண்டை ரொட்டி வைத்தாள்.

ஒரு நாள் அவரே கடைக்கு வந்தார். “வேண்டாம் மதாம். நான் இனிமே வரையப் போறதில்லை.”

“சாப்பிடுறதுக்கு வரையணும்னு யார் சொன்னா, முசியே? சூடு ஆறுறதுக்குள்ள கொண்டுபோங்க.”

அவர் வெறும் தாளையும் அதைத் தாங்கிய ஆணிகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

1962, ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, தாளில் நீலக் கோடு வந்தது. கொஞ்சம் நடுங்கியது, ஆனால் பறவைதான். ஊருக்கே மூச்சு திரும்பியது. மார்செல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அந்தப் பொட்டலத்தை வாங்கிப்போனவரைத் தேடிப் புறப்பட்டான்.

விண்ணேற்றத் திருநாளன்று கடை பூட்டியிருந்தது. எல்லாரும் கோவிலில் இருந்தார்கள். பெர்த் திரும்பி வந்து பார்த்தபோது, தாளில் பறவையின் அருகில் நீலக் கோட்டில் ஓர் உருண்டை ரொட்டி இருந்தது. அதன் மேல், சுடுவதற்கு முன் அவள் மாவில் கத்தியால் கீறும் அதே சிலுவை. அவள் தாளைத் தூசி தட்டிவிட்டு, மாவு பிசையப் போனாள்.