வீட்டில் எத்தனை பேர்

"வீட்டில எத்தின பேர் ஐயா?" என்று வங்கியில் கடன் பகுதியில் இருந்த சிவதர்சினி கேட்டு முடிக்குமுன்னரே வீரகத்தியர் "ஆறு பேர்" என்று சொல்லிவிட்டார்.

அது அவருடைய பிழை அல்ல. இடம்பெயர்ந்து அகதி முகாமில் இருந்த காலத்தில் நிவாரணப் பதிவுக் கொப்பியோடு வந்த எல்லோரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். தலைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு மா. மனைவி நாகேஸ்வரி, மகன் சுகிர்தன், எப்போதோ செத்துப்போன மாமி, பிறக்கவே பிறக்காத மைத்துனி என்று அவர் எண்ணிக்கொண்டு போய், கடைசியில் நாய்க்கும் ஒரு பெயர் கொடுத்து மூன்று மாதம் கோதுமை மா வாங்கினார். நாய்க்குக் கையெழுத்து வராது. ஆகவே கைநாட்டு வைத்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

சிவதர்சினி கணக்குப் போட்டுவிட்டுத் தலையாட்டினாள். "ஆறு பேரின்ர செலவைக் கழிச்சா மிச்சம் ஒண்டுமில்லை ஐயா. தவணையைக் குறைச்சு நீட்டித் தாங்கோ எண்டு நான் எழுதினாலும் மேலிடம் திருப்பி அனுப்பும். இருபத்தெட்டாந் திகதி ஏலம், தெரியுந்தானே?"

தெரியும். சுகிர்தனைக் கட்டாருக்கு வேலைக்கு அனுப்ப வீட்டை ஈடு வைத்த கடன். அங்கே கம்பனியை மூட, அவனுடைய தொலைபேசியும் மூடிக்கொண்டது. ஒன்பது தவணை தவறிவிட்டது.

"அதில மூண்டு பேர் உழைக்கினம்" என்றார் வீரகத்தியர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"அப்பிடியே? நல்லது. புதன்கிழமை வீடு பாக்க வாறன். அவையளையும் நிக்கச் சொல்லுங்கோ."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பக்கத்துவீட்டு ஞானேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நாளைக்குக் காலமை உன்ர வீட்டில இருந்து ஒரு நாலைஞ்சு பேரைத் தரேலுமே?"

"உப்புக் கேட்டிருக்கினம், மண்வெட்டி கேட்டிருக்கினம். ஆக்களை இரவல் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை. என்னை என்ன முறையில வைக்கப்போறியள்?"

"மருமகளா."

"ஐயோ வேண்டாம். இருக்கிற மாமியே போதும்." சிரித்துவிட்டு, குரலை இறக்கினாள். "ஏன் அண்ணை, ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னா என்ன குறைஞ்சுபோம்?"

வீரகத்தியர் கோழி அடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்.

புதன்கிழமை சிவதர்சினி ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். "எங்க எல்லாரும்?"

"மனிசி கோயிலுக்கு. மகன் வயலுக்கு. மருமகள் கிணத்தடியில உடுப்புத் தோய்க்கிறா."

அவள் கிணற்றடியைப் பார்த்தாள். காய்ந்த சீமெந்தில் ஒரு காகம் நடந்தது. கொடியில் அவருடைய ஒரு சாரம், ஒரு சேட்டு.

"ஐயா, நான் உங்களைப் பிடிக்க வரேல்லை" என்றாள் மெதுவாக. "தனி ஆளெண்டா, உங்கட நெல்லுக் காசிலையும் முட்டைக் காசிலையும் குறைச்ச தவணையைக் கட்டேலும். இண்டைக்கே எழுதி அனுப்புவன். ஏலத்தை நிப்பாட்டக் கேக்கலாம். சொல்லுங்கோ, எத்தின பேர்?"

வீரகத்தியர் வாயைத் திறந்தார். நாய்க்கு மா வாங்கித் தந்த வாய் அது. நாகேஸ்வரி செத்து, முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து நாலு வருடமாகிறது; அதற்குப் பிறகு வீட்டின் உண்மையான எண்ணிக்கையை அவர் ஒருநாளும் சத்தமாகச் சொன்னதில்லை. சொன்னால் வீடு மிஞ்சலாம். மிஞ்சினால் அந்த வீட்டில்தான் இருக்கவும் வேண்டும்.

"பேனையைத் தாங்கோ பிள்ளை."

படிவத்தில், பெரிய குடும்பங்களையும் நினைத்து அகலமாக அச்சடித்த பெட்டி. இடப்பக்கக் கோட்டோடு ஒட்டி ஒரு 1 போட்டார். இன்னும் ஓர் இலக்கம் கொள்ளும் மிச்ச வெள்ளைக்கு மேலே பேனை முனை, கடதாசியைத் தொடாமல், கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.