தார் ரோட்டில் ஒரு தலைப்புச் செய்தி

செய்தி என்றால் அது அச்சில் வரவேண்டும். பாஷ்யத்தின் கட்சி அது. வாயால் வருவதெல்லாம் வதந்தி. ரேடியோவில் வருவது நல்ல உச்சரிப்போடு வருகிற வதந்தி. காலையில் குளித்து, திருமண் இட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தலைப்புச் செய்தியில் தொடங்கி கடைசிப் பக்கத்து அச்சக விலாசம் வரை படித்து முடிக்கிற வரையில் உலகத்தில் எதுவும் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்வதில்லை. தம்பிக்குப் பேரன் பிறந்ததைப் பக்கத்து வீட்டுப் பரசுராமன் ஓடிவந்து சொன்னபோதுகூட, "தந்தி வரட்டும்" என்று சொன்ன மனுஷர்.

தபாலாபீசில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா. எந்த ஊர் என்று சொன்னால் அவர் பென்ஷனுக்கு ஆகாது. அங்கே வருகிற வாரப் பத்திரிகைகளை மேல்சுற்றுத் தாளிலிருந்து நோகாமல் உருவி, மத்தியானத்துக்குள் படித்துவிட்டு, மறுபடி நோகாமல் நுழைத்து வைப்பதில் அவர் கெட்டிக்காரர். அந்த வாரத்துத் தொடர்கதை கொஞ்சம் நீண்டுவிட்டால் சந்தாதாரருக்கு ஒரு நாள் தாமதம். தெருவில் கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம், "மெட்ராஸ்லயே லேட்டுங்க" என்று சாதித்தவர் தபால்காரர் தாவீது. சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

இப்போது இரண்டு பேருக்கும் ஓய்வு. தாவீதுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரகடம் போகிற ரோட்டில் நாலு மைல் தள்ளியிருக்கிற தன் ஊரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூரில் பாஷ்யத்தின் வீட்டுக்கு வந்துவிடுவார். பாஷ்யம் பேப்பரை உரக்கப் படிப்பார். நடுநடுவே தம் உபன்யாசத்தையும் சேர்த்துக்கொள்வார்.

"டி.வி. வந்தப்புறம் ஜனங்களுக்குக் கண்ணு மட்டும்தான் பாக்கி, தாவீது. மூளையைச் சர்க்காருக்கு சரண்டர் பண்ணிட்டா."

"எனுக்குக் கண்ணும் பாக்கியில்ல சாரே. நீ மேல படி."

செவ்வாய்க்கிழமை காலையிலும் இப்படித்தான் நடந்தது. அன்றைக்கு ராத்திரி ராஜீவ் காந்தி தேர்தல் கூட்டத்துக்கு ஊருக்கு வருவதாக ஏற்பாடு. தாவீது கூப்பிட்டார்.

"வா சாரே. டில்லியிலேர்ந்து நம்ம ஊருக்கு வர்றாரு. ஒருவாட்டி கண்ணால பாத்துட்டு வந்துருவோம்."

"உன் கண்ணாலயா?"

"ஆமா, என் கண்ணாலதான். உன் கண்ணு மட்டும் இன்னாத்த பாத்துச்சு? எழுத்த மேஞ்சுகினு கீது."

"சரி, நீ போய்ப் பாத்துட்டு வா. நாளைக்குப் பேப்பர்ல வரதை நான் படிக்கறேன். எது நிஜம்னு ரெண்டையும் ஒத்துப் பாத்துடலாம்."

தாவீது அதற்கு மேல் வற்புறுத்தவில்லை; தனியாகவே போவதென்று எழுந்தார். பாஷ்யம் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குப் பயந்து இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு எட்டரைக்கெல்லாம் படுத்துவிட்டார்.

புதன்கிழமை பால்காரர் வரவில்லை. பேப்பரும் வரவில்லை. குளித்துவிட்டு வெறும் பென்சிலோடு உட்கார்ந்திருந்த பாஷ்யத்தின் முன்னால் அவர் மனைவி சத்யபாமா வந்து நின்றாள். பரசுராமன் வீட்டிலிருந்து வருகிறாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏன்னா, கூட்டத்துல குண்டு வெடிச்சுடுத்தாம். அவர் போயிட்டாராம். கூட நிறையப் பேராம். டமால்னு ஒரு சத்தம் கேட்டுது. வரவேற்கறதுக்கு வெடி வெடிக்கறான்னு நெனச்சு நான் திரும்பிப் படுத்துண்டேன்னா."

"பேப்பர்ல..." என்று ஆரம்பித்தார் பாஷ்யம். அந்த வார்த்தை அவருக்கே அசிங்கமாகக் கேட்டது.

உலகத்தில் எங்கெங்கோ வெடித்த குண்டுகளை இந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்திருக்கிறார். பெய்ரூட் என்பதை எப்படி எழுதவேண்டும் என்று ஆசிரியருக்குக் கடிதம்கூடப் போட்டிருக்கிறார். வெடித்த இடம் என்று தாம் உப்பு வாங்குகிற ஊரின் பெயர் வரும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தம் தூக்கத்திலிருந்து ஒரு மைல் தூரம். அந்த நேரத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"தாவீது வந்தானோ?" என்றார்.

"வரலை."

செருப்பை மாட்டினாரா என்றுகூடத் தெரியாது, சைக்கிளை எடுத்துவிட்டார். மைதானத்துப் பக்கம் போலீஸ் யாரையும் விடவில்லை. கடைகளெல்லாம் சாத்தியிருந்தன. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்று மெதுவாகப் பேசினார்கள். ஒருவர் குரலும் உயரவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. தடுப்புக்கட்டைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு கான்ஸ்டபிள், ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு அவரை நிறுத்தினார்.

"ஆளக் காணமா பெரியவரே? பேரு?"

"தாவீது. ரிட்டயர்டு போஸ்ட்மேன். அறுபத்திரண்டு வயசு."

"உயரமா, குள்ளமா?"

"சுமாரான..."

"இன்னா சட்டை?"

பாஷ்யம் வாயைத் திறந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் படித்த கதையில் கதாநாயகி மூன்றாம் அத்தியாயத்தில் உடுத்திய புடவை இப்போதும் நினைவிருக்கிறது: மாம்பழ நிறம், அரக்கு பார்டர். நேற்றுக் காலை இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தவனின் சட்டை நினைவில்லை. பூப் போட்டதா, வெள்ளையா, சட்டையே போட்டிருந்தானா?

"இன்னா சட்டைன்னு தெரியாம எப்பிடி பெரியவரே விசாரிக்கிறது?" கான்ஸ்டபிள் கோபமாகச் சொல்லவில்லை. "வூட்ல கேட்டுகினு வாங்க. எழுதிக்கறேன்."

ஒரகடம் ரோட்டில் ஒரு வண்டி இல்லை. நாலு மைலும் பாஷ்யமும் அவர் சைக்கிள் செயினும்தான். மே மாதத்து வெயில். எதிர்காற்று வேறு. முட்டி இரண்டும் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு புகார் மனு கொடுத்தன. வழியெல்லாம் அவர் மனசுக்குள் ஒரு பட்டியலைப் படித்துக்கொண்டே போனார். பேப்பரில் கட்டம் கட்டி வருகிற மாதிரியான பட்டியல். அதில் ஒரு பெயர் மட்டும் அச்சாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

தாவீதின் மனைவி லூர்தம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேதி அந்த ஊருக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தில் பெரிய கலவரம் இல்லை.

"இன்னா சாரு, நீங்க மட்டும் வந்துகீறீங்க? அவரு இன்னும் எய்ந்திரிக்கலியா? கூட்டம் முடிய லேட்டாச்சுன்னா சாரு வூட்லயே படுத்துக்கறேன்னு சொல்லிட்டுதான் போனாரு. அதான் எனுக்கு நிம்மதி. நம்ம சாரு உஷாரானவரு, அந்தக் கூட்டத்துல எல்லாம் போய் நிக்கமாட்டாரு, இவரையும் வூட்டுக்கு இட்டுகினு போயிருப்பாருன்னு பக்கத்து வூட்ல கூட சொன்னேன்."

"ஆமாம்மா" என்றார் பாஷ்யம். "தூங்கறான்."

அச்சுப்பிழையைக்கூடப் பொய் என்று சொல்கிறவர். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவருக்கே தெரியவில்லை. லூர்தம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். இப்படியே திரும்பிவிடலாம்; ஆனால் வந்த காரியம் ஆகவில்லையே. கிளம்புகிறவர் போல எழுந்து, ஏதோ ஊர்ப்பேச்சு பேசுகிற குரலில் கேட்டார்.

"நேத்திக்கு அவன் என்ன சட்டை போட்டுண்டு வந்தான்மா?"

கீரையில் இருந்த கை நின்றது.

"இன்னாத்துக்கு சாரு கேக்கறீங்க?"

அவர் சைக்கிள் பக்கம் திரும்பினார்.

"உங்க வூட்ல தூங்கிகினு இருக்கறவரு சட்டைய என்னாண்ட வந்து கேக்கறீங்களே. இன்னாத்துக்கு சாரு?"

"அவன் வரலை, லூர்தம்மா."

அவள் கீரைமுறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நீலக்கட்டம். போன கிறிஸ்மஸுக்கு நீங்க எடுத்துக் குடுத்தீங்களே, அதேதான்" என்றாள். சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டாமல் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். பாஷ்யம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் வேகத்துக்கு ஓடினார். அப்போது யாராவது முகத்தில் ஒரு அறை விட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு மைல் நடந்திருப்பார்கள். ரோட்டோரம் யாரோ வீடு கட்டுவதற்குச் சுண்ணாம்புக்கல் கொட்டியிருந்தார்கள். அந்தக் குவியலின் மேல் ஒரு நீலக்கட்டச் சட்டை உட்கார்ந்திருந்தது. ஒரு கை கிழிந்து, முழங்கை வரை சேறு. காலில் செருப்பில்லை.

லூர்தம்மாள் ஓடிப்போய் அவரைப் பிடித்து உலுக்கினாள். அடித்தாள். தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். தாவீது பேந்தப் பேந்த விழித்தார்.

"காது கேக்கல" என்று உரக்கக் கத்தினார். "ஙொய்ங்குது. நீ பேசறது ஒண்ணும் கேக்கல."

அவர் நின்றிருந்தது கூட்டத்தின் கடைசியில். மேடைகூடத் தெரியவில்லையாம். ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் ஜனம் இடித்துத் தள்ளி விழுந்தாராம். எல்லாரும் ஓட, தானும் ஓடி, இருட்டில் திசை தெரியாமல் வயல்வெளியில் இறங்கி, யாரோ ஒருவரின் பம்புசெட் ரூமில் கிடந்து, விடிந்ததும் சூரியனை வைத்துத் திசை பார்த்து வயலோடே நடந்து, கொஞ்சம் முன்னால்தான் ரோட்டில் ஏறினாராம். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் வாயை அசைத்தார்களாம். அழுதார்களாம்.

"இன்னா சாரே ஆச்சு? ஏன் அல்லாரும் அழுவறாங்க? தலைவரு வந்தாரா? பேசுனாரா? எனுக்கு ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்க!"

அங்கே இருந்தவருக்குத் தெரியவில்லை. குறட்டை விட்டவர் சொல்லவேண்டியிருந்தது.

பாஷ்யம் அவர் காதருகே போய்க் கத்தினார். தாவீது கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். காதும் இல்லை, கண்ணும் இல்லை. பாஷ்யம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்; அவருடைய பொடிக் கையெழுத்தை நல்ல கண்ணே படிக்க முடியாது. திரும்பவும் பையில் போட்டார். குவியலிலிருந்து ஒரு சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டி, நடுரோட்டில் குந்தினார். வண்டி ஒன்றும் வரப்போவதில்லை. கறுப்புத் தாரில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம் வருகிற மாதிரி ராஜீவ் என்று எழுதினார்.

தாவீது எழுத்தின் மேலேயே நடந்து நடந்து படித்தார். "ரா... ஜீ... வ். ஆமா. அவருக்கு இன்னா?"

அடுத்த வார்த்தைக்குக் கை போகவில்லை. மறைந்தார், அமரரானார், காலமானார்: பாஷ்யம் வாழ்நாள் முழுக்கச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட வார்த்தைகள் எல்லாம் இப்போது நல்ல மெத்தையாக வரிசையில் வந்து நின்றன. அதில் எதையும் எழுதக் கூச்சமாக இருந்தது. லூர்தம்மாள் குனிந்து பார்த்துச் சொன்னாள்:

"நம்ம பேசற மாதிரி எய்துங்க சாரு. அப்பதான் அவருக்குப் புரியும்."

செத்துட்டாரு என்று எழுதினார். கல் இரண்டு முறை உடைந்தது.

தாவீது முதலெழுத்திலிருந்து வந்தார். மூன்றாவது எழுத்தில் வேகம் குறைந்தது. கடைசி எழுத்துவரை போகவில்லை. அப்படியே ரோட்டில் உட்கார்ந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வெடி வெடிக்கறானுங்கன்னு நெனச்சேன் சாரே" என்றார். இந்தத் தடவை கத்தவில்லை. "கைகூட தட்டுனேன்."

சூடு ஏறிய தார் வேட்டியைத் தாண்டிச் சுட்டது. பாஷ்யம் மிச்சமிருந்த கல்லால், வார்த்தைக்கு வார்த்தை தவழ்ந்தபடி இன்னொரு வரி எழுதினார். அதைப் படிக்கத் தாவீதுக்கு நேரம் பிடித்தது.

"நான்... தான்... உன்னை... அனு... அனுப்பினேன்."

படித்துவிட்டுப் புரை விழுந்த கண்ணால் பாஷ்யம் இருக்கிற திசையைப் பார்த்தார். பாஷ்யத்தின் மூக்குக்கண்ணாடி ஈரமாகியிருந்தது. இரண்டு பேரில் யாருக்கு அப்போது கண் மங்கல் என்று சொல்ல முடியாது.

"போ சாரே" என்றார் தாவீது. "நானா போவணும்னு போனேன். நீ அனுப்பறதுக்கு நான் இன்னா ரிஜிஸ்டர் தபாலா?"

லூர்தம்மாள் அழுகையும் ஆத்திரமுமாகத் திரும்பினாள். "தூங்கறான்னு சொன்னீங்களே சாரு, வாய்கூசாம! அத இன்னும் நான் கேக்கல. வூட்டுக்கு வாங்க, கேக்கறேன்."

"வரேன்மா" என்றார் பாஷ்யம்.

தாவீதைத் தூக்கிச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்தார்கள். கூட்டத்தில் தன் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தாள் என்றும், அவள் என்ன ஆனாள் என்றும் அவர் கேட்டார். பாஷ்யம் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார்.